இடையன்குடி ரேந்தை

நம்ம கூட்டமைப்பு மலருக்குக் கைத்தொழில் பத்தி எழுதணும்னு கூட்டத்துல பேச்சு வந்தப்ப, எல்லாரும் பத்தமடைப் பாயைத்தான் சொன்னாங்க. தாமிரபரணிக் கரைக் கோரையில நெய்யிற அந்தப் பாய்க்குப் புவிசார் குறியீடே கிடைச்சாச்சு. அதைப் பத்தி நிறையப் பேர் எழுதிட்டாங்க. நான் தெற்கே தேரிக்காட்டுப் பக்கம், இடையன்குடி ரேந்தையைப் பத்தி எழுதுறேன். இப்ப லேஸ்னு சொல்றோம். பழைய ஆட்களுக்கு அது ரேந்தை.

இந்த வேலை நமக்கு வந்த வழி நாகர்கோவில். 1819-ல் மால்ட் என்கிற மிஷனரி குடும்பத்தோடு அங்கே வந்தார். அவர் மனைவி மார்த்தா அம்மையார் பெண்பிள்ளைகளுக்குப் பள்ளி வைத்து, படிப்போடு ரேந்தை பின்னவும் கற்றுக்கொடுத்தார். அப்போ திருவிதாங்கூரில் அடிமை முறை இருந்த காலம். 1855-ல்தான் முழுசா ஒழிஞ்சது. அதுக்கு முன்னாடியே சில பெண்கள் ரேந்தை பின்னின காசைச் சேர்த்து, தங்களைத் தாங்களே மீட்டுக்கிட்டாங்களாம். இதைப் படிச்சப்ப எனக்கு உடம்பே சிலிர்த்துப் போச்சு. நாம வாரச் சந்தா கட்டுறதை எண்ணிப் பார்த்தேன்.

மார்த்தா அம்மையாரின் மகள் எலிசா 1844-ல் கால்டுவெல் ஐயரைக் கல்யாணம் பண்ணி இடையன்குடிக்கு வந்தார். ஐயரை ஒப்பிலக்கணம் எழுதினவர்னு ஊரே கொண்டாடுது. எலிசா அம்மையாரைப் பத்தி அந்த அளவுக்கு யாரும் பேசக் காணோம். பெண்பிள்ளைகளைச் சேர்த்துப் படிக்க வைத்ததும், தாயிடம் கற்ற ரேந்தையைச் சொல்லிக்கொடுத்ததும் அவங்கதான். பதநீர்க் காலம் முடிஞ்சா பனையேறி வீட்டுல வருமானம் நின்னுபோகும். அந்த மாசங்கள்ல ரேந்தைக் காசுதான் உலை வைக்க உதவியிருக்கும்.

இதுக்கு ஊசி கிடையாது. உருண்டையான ஒரு தலையணை, அது மேலே துளை போட்ட மாதிரி அட்டை, துளையில குத்தக் குண்டூசி, நூல் சுத்தின மரக்கட்டைகள், அவ்வளவுதான். கட்டைகளை ரெண்டு ரெண்டா மாத்தி மாத்திப் போட்டு, முறுக்கி, ஊசி குத்தி நிறுத்தணும். எங்க அம்மாவைப் பெத்த ஆச்சி திண்ணையில பின்னும்போது டக் டக்னு கட்டைச் சத்தம் மழைத்தூறல் மாதிரி கேட்கும். கை வேர்த்தா நூல் அழுக்காயிடும்னு பக்கத்துலயே ஈரத்துணி வெச்சிருப்பாவ. பேச்சு மட்டும் நிக்காது!

ஆனா கூலியை நினைச்சா மனசு ஆறாது. நூலை வியாபாரி கொடுப்பார், விலையையும் அவரே வைப்பார். முழம் அளந்து எடுக்கும்போது கறைன்னு ஒரு கழிவு, நூல் மிச்சம் வரலைன்னு ஒரு கழிவு. அப்புறம் மிஷின் லேஸ் சுருள் சுருளா கடைக்கு வந்தது. ஒரு நாள் முழுக்கப் பின்னினதை விட அது மலிவு. அம்மா காலத்துல எங்க வீட்டுத் தலையணை பரண் ஏறிடுச்சு. அம்மா குரோஷா ஊசிக்கும் ஒயர் கூடைக்கும் மாறிட்டாங்க.

இன்னைக்கு எங்க ஊர்ல இந்த வேலை தெரிஞ்சவங்க ரெண்டு பெரியம்மாமார்தான். எங்க குழுவுல நாலு பேர் சனிக்கிழமை சாயங்காலம் அவங்ககிட்ட போய் உட்காருதோம். எனக்கு இதுவரை ஒரு விரல் அகலப் பட்டைதான் வருது. நூலைக் குழுவே மொத்தமா வாங்குறதுன்னு போன மாசம் தீர்மானம் எழுதிட்டோம். கழிவுக் கணக்கு இனி எங்க நோட்டுலதான்.