தோட்டத் தொழிலாளரின் நான்கு சொற்கள்

தமிழ் மக்கள் பிற நிலங்களுக்குப் பெயர்ந்த வரலாற்றை அரசாங்க ஏடுகளில் தேடுவோர் பலர். அம்மக்களின் நாவில் வழங்கிய சொற்களிலும் அவ்வரலாறு உறைந்திருக்கின்றது. பழைய திருவிதாங்கூரின் தலைநகரில் வாழும் தமிழராகிய நாம், அந்நாட்டு மலைத்தோட்டங்களில் உழைத்த நம்மவரின் சொற்கள் நான்கினை ஈண்டுக் காண்போம்.

1877-ஆம் ஆண்டில் ஜான் டேனியல் மன்றோ என்பார் பூஞ்ஞாற்று அரசரிடம் கண்ணன் தேவன் மலைகளைக் குத்தகைக்குப் பெற்றார். காடு திருத்தப்பட்டது, காலப்போக்கில் தேயிலை நிலைபெற்றது. நெல்லை, மதுரைச் சீமைகளின் வறண்ட ஊர்களிலிருந்து மக்கள் கூட்டங் கூட்டமாய் மலையேறினர். நம் நகருக்கு அணித்தாயுள்ள பொன்முடி, போணக்காடு மலைகளிலும் தேயிலைத் தோட்டங்கள் எழுந்தன.

முதற்சொல் கூலி. தமிழில் இஃது உழைப்பிற்குரிய ஊதியத்தைக் குறிக்கும். ஆங்கிலேயர் வழங்கிய 'கூலி' என்பதோ உழைக்கும் ஆளையே குறித்தது. அதன் மூலம் நம் சொல்லே என்பாரும், குசராத்துக் கோலி என்னும் குலப்பெயர் என்பாரும் உளர். எவ்வாறாயினும், ஊதியத்தின் பெயரால் மனிதன் அழைக்கப்பட்டான் என்பது நாம் எண்ணத்தக்கது.

இரண்டாவது கங்காணி. கண்காணிப்பவன் என்பதே இதன் பொருள். இவனே ஊரில் முன்பணம் கொடுத்து ஆள் சேர்த்தான்; தோட்டத்தில் வேலை வாங்கினான்; ஆட்களின் உழைப்பிற்கேற்பத் தானும் தரகு பெற்றான். அமெரிக்காவில் இத்தாலியக் குடியேறிகளை வேலைக்குச் சேர்த்த 'பத்ரோனே' என்னும் தரகனும் இத்தகையவனே. வேலை ஒப்பந்தம் செய்து அயல்நாட்டாரை இறக்குவதை அமெரிக்கா 1885-ஆம் ஆண்டில் சட்டத்தால் தடுத்தது.

மூன்றாவது துண்டு. இலங்கைத் தோட்டங்களில் இச்சொல் தோளில் இடும் ஆடையைக் குறிக்கவில்லை, கடன்சீட்டைக் குறித்தது. குறித்த தொகையைச் செலுத்தினால் ஆட்களை விடுவிப்பதாகத் தோட்டத்துரை எழுதித் தரும் சீட்டு அது. புதிய துரை கடனைத் தீர்த்தான். ஆட்களோ கடனோடு கைம்மாறினர். 1921-ஆம் ஆண்டில் இலங்கை அரசு இதனை ஒழித்தது.

நான்காவது லயம். ஆங்கில 'லைன்' என்பதே இவ்வாறு மருவியது. வரிசையாய் அமைந்த சிற்றறைகளே லயம். நியூயார்க்கின் நெருக்கமான தொழிலாளர் குடியிருப்புகளுக்குக் காற்றும் வெளிச்சமும் வேண்டுமென 1901-ஆம் ஆண்டுச் சட்டம் விதித்தது. இந்தியாவில் 1951-ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டம், வீடு தருவதை முதலாளியின் கடமையாக்கியது. ஆயினும் வீடு வேலையோடு பிணைந்தே நின்றது. ஓய்வு பெறின் லயத்தை விட்டு நீங்க வேண்டும். ஆதலின் லயத்தைக் காத்தற்பொருட்டே பிள்ளைகள் கூடை சுமக்க நேர்ந்த குடும்பங்கள் பல.

2020-ஆம் ஆண்டு ஆகஸ்டு 6-ஆம் நாள் இரவு, மூணாற்றை அடுத்த பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்களை மூடியது. 70 உயிர்கள் மடிந்தன. அவர்களுள் பலருடைய முன்னோர் கயத்தாற்றுப் பக்கத்தவர். தலைமுறைகள் பல அம்மலையில் உழைத்தும், அவர்கள் உறங்கிய அறை அவர்களுடையதன்று.

கங்காணியின் ஆட்சி மறைந்தது; துண்டும் ஒழிந்தது. லயம் மட்டும் இன்னும் நிற்கின்றது. அதனிடத்தில் 'சொந்த வீடு' என்னும் சொல் வழங்கும் நாளே இவ்வரலாறு நிறைவுறும் நாளாகும். அதற்குக் குரல் கொடுப்பது, அதே மொழி பேசி இந்நகரில் நல்வாழ்வு பெற்ற நம் அனைவரின் கடமையாகும்.