ராத்திரியில் நிலத்துக்கு வரும் காட்டுப்பன்றி: விவசாயியே சுடலாமா? ஏலகிரிக்கு எந்த விதி?

வேர்க்கடலை காய் பிடிக்கும் நேரத்தில் ஒரு ராத்திரி காட்டுப்பன்றிக் கூட்டம் இறங்கினால் போதும். விடியறதுக்குள்ள நிலம் ஏர் ஓட்டிப் போட்ட மாதிரி ஆகிவிடும். ஏலகிரி மலையிலும், கீழே வாணியம்பாடி, ஆம்பூர் பக்கம் காட்டை ஒட்டிய கிராமங்களிலும் பயிர் வைக்கிறவர்களுக்கு இது தெரிந்த கதைதான். "நம்ம நிலம், நம்ம பயிர்... நாமே சுட்டா என்ன தப்பு?" என்று கேட்பவர்களும் உண்டு.

சுருக்கமான பதில்: விவசாயி சுடக் கூடாது. வனத்துறை சுடலாம். அதுவும் எல்லா இடத்திலும் இல்லை.

ஏன் ராத்திரியில் மட்டும் வருது?

காட்டுப்பன்றிக்குப் பார்வை சுமார்தான். ஆனால் மோப்ப சக்தி ரொம்ப அதிகம். மண்ணுக்குள் இருக்கும் கடலையையும் கிழங்கையும் மோப்பம் பிடித்துத் தோண்டி எடுத்துவிடும். மனித நடமாட்டம் உள்ள இடங்களில் பகலில் புதரில் படுத்துக் கிடந்துவிட்டு, இருட்டிய பிறகு குட்டிகளோடு கூட்டமாக வெளியே வரும். சினைக்காலம் 4 மாதத்துக்கும் குறைவு. ஒரு ஈற்றில் 4 முதல் 6 குட்டி வரை போடும். தின்பதைவிட மிதித்தும் கிளறியும் நாசமாவதுதான் அதிகம்.

சட்டம் என்ன சொல்லுது?

1972-ம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் காட்டுப்பன்றி முன்பு 3-வது அட்டவணையில் இருந்தது. 2022-ல் வந்த திருத்தத்துக்குப் பிறகு 2-வது அட்டவணையில் இருக்கிறது. அனுமதி இல்லாமல் கொன்றால் 3 ஆண்டு வரை சிறை, 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கப்படலாம்.

ஆனால் இதே சட்டத்தின் 11-வது பிரிவில் ஒரு வழி இருக்கிறது. மனித உயிருக்கோ, நிற்கும் பயிர் உட்பட சொத்துக்கோ ஆபத்து என்றால், தலைமை வன உயிரினக் காப்பாளர் அல்லது அவர் அதிகாரம் அளித்த அதிகாரி எழுத்து மூலம் வேட்டைக்கு உத்தரவிடலாம். பன்றி மேலே பாய்ந்து, உயிரைக் காப்பாற்றிக்கொள்ள அதைக் கொல்ல நேர்ந்தால் அது குற்றம் ஆகாது. ஆனால் அப்போதும் செத்த பன்றி அரசுக்குத்தான் சொந்தம். கறி போட்டால் தனி வழக்கு.

பயிர்ப் பாதுகாப்புக்கு என்று துப்பாக்கி உரிமம் வைத்திருப்பவர்கள் கவனிக்கணும். அது துப்பாக்கி வைத்திருப்பதற்கான உரிமம் மட்டுமே. காட்டுப்பன்றியைச் சுடுவதற்கான அனுமதி அல்ல.

2025-ல் வந்த 3 கி.மீ. விதி

2025 ஜனவரியில் அப்போதைய வனத்துறை அமைச்சர் பொன்முடி சட்டப்பேரவையில் இதற்கான நடைமுறையை அறிவித்தார். தூரத்தை வைத்து மூன்று மண்டலங்கள்:

* காப்புக்காட்டிலிருந்து 1 கி.மீ. வரை: சுட அனுமதி இல்லை.
* 1 முதல் 3 கி.மீ. வரை: கூண்டு வைத்துப் பிடித்து, காட்டுக்குள் கொண்டுபோய் விடணும்.
* 3 கி.மீ. தாண்டினால்: பயிற்சி பெற்ற வனத்துறையினர் சுடலாம்.

புகாரைப் பரிசீலிக்க கிராம அளவில் குழு உண்டு. அதில் கிராம நிர்வாக அலுவலர், ஊராட்சித் தலைவர், வனத்துறை ஊழியர் இருப்பார்கள்.

அப்போ ஏலகிரியில்?

இங்கேதான் சிக்கல். ஏலகிரி சுமார் 1,100 மீட்டர் உயரத்தில், 14 கிராமங்கள் கொண்ட சின்ன மலை. சுற்றிலும் சரிவுகளில் காடு. 3 கி.மீ. கணக்கைப் போட்டால், காட்டை ஒட்டிய நிலத்துக்குச் சுடும் அனுமதி கிடைக்காது. கொஞ்சம் உள்ளே இருக்கும் நிலத்துக்குக் கூண்டுதான் வழி. சுடும் அனுமதி பயன்படுவது பெரும்பாலும் கீழே, சமவெளியில் தள்ளி இருக்கும் கிராமங்களுக்கு. பன்றித் தொல்லை அதிகமாக இருக்கும் காட்டோரத்து விவசாயிக்கு வேலி, கூண்டு, இழப்பீடு இந்த மூன்றுதான் மிச்சம்.

மற்ற இடங்களில் எப்படி?

கேரளாவில் 2022 முதல் உள்ளாட்சித் தலைவர்களே சுட உத்தரவிடலாம். உரிமம் உள்ள துப்பாக்கிக்காரர்களைப் பயன்படுத்தலாம். பீகாரிலும் உத்தராகண்டிலும் சில மாவட்டங்களில் காட்டுப்பன்றியை மத்திய அரசு குறிப்பிட்ட காலத்துக்கு 'தீங்குயிர்' என்று அறிவித்தது. அந்தக் காலத்தில் சட்டப் பாதுகாப்பு இருக்காது.

யூடியூபில் பார்க்கும் அமெரிக்க வீடியோக்கள் வேறு கதை. அங்கே இருப்பவை வெளியிலிருந்து கொண்டுவரப்பட்டு, தப்பிப்போய்ப் பெருகிய பன்றிகள். டெக்சாஸில் 2019 முதல் நில உரிமையாளர் சம்மதித்தால் வேட்டை உரிமம் இல்லாமலே சுடலாம், ராத்திரியிலும் சுடலாம். நம்ம காட்டுப்பன்றி இந்த மண்ணின் விலங்கு. புலிக்கும் சிறுத்தைக்கும் இரை.

கம்பியில் கரண்ட் விட்டால்?

செலவு குறைவு என்று சிலர் செய்வது இதுதான். உயிர் போவதும் இதில்தான். வீட்டு லைனிலோ மோட்டார் லைனிலோ இருந்து நேராக இழுக்கும் கம்பியில் மின்சாரம் நிற்காமல் பாயும். தொட்டவரை விடாது. பன்றிக்கு வைத்த கம்பியில் ராத்திரி தண்ணீர் பாய்ச்சப் போன பக்கத்து நிலத்துக்காரரோ, நம்ம வீட்டு ஆளோ மாட்டலாம். 2023 மார்ச்சில் தருமபுரி மாவட்டம் மாரண்டஅள்ளி அருகே இப்படி ஒரு சட்டவிரோத வேலியில் 3 யானைகள் செத்தன. கூட இருந்த 2 குட்டிகள் மட்டும் தப்பின.

சூரிய மின்வேலி அப்படி இல்லை. பேட்டரியில் ஓடும் கருவி, விட்டு விட்டு நொடிப்பொழுது மட்டும் அதிர்ச்சி கொடுக்கும். விலங்கு பயந்து விலகும், சாகாது. ஆனால் 2023-ல் தமிழ்நாடு அரசு கொண்டுவந்த விதிகளின்படி மின்வேலியைப் பதிவு செய்யணும்.

அவுட்டுக்காய் எனும் நாட்டு வெடி, சுருக்குக் கம்பி இரண்டும் குற்றம். மாடு, நாய், யானை என எது கடித்தாலும் வாய் சிதறும்.

நீங்க என்ன செய்யலாம்?

1. நிலம் நாசமானால் கலைக்காதீங்க. காலடித் தடத்தோடு, தேதி தெரியும்படி போட்டோ எடுங்க.
2. கிராம நிர்வாக அலுவலரிடமும் வனச்சரக அலுவலகத்திலும் எழுத்து மூலம் மனு கொடுங்க. சர்வே எண், பயிர், பரப்பு குறிப்பிடுங்க. இழப்பீட்டுக்கும் கூண்டுக்கும் இதுதான் முதல் படி. மனுவின் நகலில் கையெழுத்து வாங்கி வைங்க.
3. சூரிய மின்வேலி மானியம் பற்றி வேளாண் பொறியியல் துறை அலுவலகத்தில் கேளுங்க.
4. 2026 காரீஃப் பருவம் முதல் வனவிலங்குச் சேதத்தையும் பிரதமர் பயிர்க் காப்பீட்டில் சேர்ப்பதாக மத்திய அரசு 2025 நவம்பரில் அறிவித்தது. 72 மணி நேரத்துக்குள் செயலியில் போட்டோவோடு பதிவு செய்யணும். எந்த விலங்கு, எந்தப் பகுதி என்பதை மாநில அரசு அறிவிக்கணும். பிரீமியம் கட்டும்போதே உங்க ஊர் அதில் இருக்கிறதா என்று கேட்டுக்கோங்க.
5. மக்காச்சோளத்தைச் சுற்றி நெருக்கமாக ஆமணக்கு வரிசை, பழைய சேலைக் கட்டு, வரப்போரம் தலைமுடி தூவுவது போன்றவை கொஞ்ச நாள் பலன் தரும். பன்றி பழகிவிடும் என்பதால் மாற்றி மாற்றிச் செய்யணும்.

ராத்திரிக் காவலுக்குத் தனியாகப் போகாதீங்க. டார்ச், சத்தம், பரண் போதும். குட்டியோடு இருக்கும் தாய்ப் பன்றியையும் காயம்பட்ட பன்றியையும் துரத்த வேண்டாம். போன பயிரை அடுத்த பருவத்தில் மறுபடி வைக்கலாம்.