இரவில் இறங்கும் கார் பேட்டரி: காரணம் தேடும் முறையின் வரலாறு

மாலையில் நன்றாக ஓடிய கார், மறுநாள் காலை சாவியைத் திருப்பினால் 'டக்' என்ற ஒலியோடு நின்றுவிடுகிறது. பேட்டரி இறங்கிவிட்டது என்று தெரிகிறது. எது இறக்கியது என்பதே கேள்வி. இராஜபாளையத்திலிருந்தோ ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்தோ விடியுமுன் மதுரை மருத்துவமனைக்குப் புறப்பட வேண்டிய குடும்பத்துக்கு இது சிறிய கேள்வியன்று. காரின் மின்னமைப்பு வளர்ந்த வரலாற்றை அறிந்தால், விடை தேடும் வழியும் புலப்படும்.

கைப்பிடியிலிருந்து செல்ஃப் வரை

ஈய-அமில மின்கலத்தை 1859-இல் பிரெஞ்சு இயற்பியலாளர் காஸ்தோன் பிளாந்தே உருவாக்கினார். தொடக்ககாலக் கார்களை இரும்புக் கைப்பிடியைச் செருகிச் சுற்றித்தான் கிளப்பினர். எஞ்சின் பின்னடித்தால் கை முறியும். அமெரிக்கப் பொறியாளர் சார்லஸ் கெட்டரிங், அதற்கு முன் கடைகளின் பணப்பதிவு இயந்திரத்துக்குச் சிறிய மின்மோட்டார் அமைத்தவர். மோட்டார் சில நொடிகள் மட்டும் மிகுந்த சுமையைத் தாங்கினால் போதும் என்ற அதே கருத்தைக் கொண்டு 1911-இல் காருக்கு மின் ஸ்டார்ட்டர் செய்தார். 1912-ஆம் ஆண்டின் காடிலாக் கார்களில் அது இடம்பெற்றது. நம் ஊரில் அதையே 'செல்ஃப்' என்கிறோம்.

தமிழ்நாட்டில்

காரைக்குடியில் வள்ளல் அழகப்பச் செட்டியார் வழங்கிய நிலத்திலும் நிதியிலும் மத்திய மின்வேதியியல் ஆய்வகம் எழுந்தது. 1948-இல் அடிக்கல் நாட்டப்பெற்று 1953-இல் திறக்கப்பட்ட அந்நிறுவனத்தின் ஆய்வுத் துறைகளில் மின்கலமும் ஒன்று. 1911-இல் மதுரையில் தொடங்கிய டி.வி.எஸ். குழுமம், பிரிட்டனின் லூகாஸ் நிறுவனத்துடன் சேர்ந்து 1961-இல் லூகாஸ் டி.வி.எஸ். நிறுவனத்தை அமைத்தது. சென்னை பாடியிலுள்ள அதன் ஆலையில் ஸ்டார்ட்டர் மோட்டார் போன்ற வாகன மின்பொருள்கள் உருவாயின.

கட்-அவுட்டும் டையோடும்

பழைய கார்களில் பேட்டரிக்கு மின்சாரம் ஏற்றியது டைனமோ. எஞ்சின் நின்றதும் மின்சாரம் பேட்டரியிலிருந்து டைனமோவுக்குத் திரும்பாமல் தடுக்க 'கட்-அவுட்' என்ற தானியங்கி சுவிட்சு இருந்தது. அதன் முனைகள் ஒட்டிக்கொண்டால் விடிவதற்குள் பேட்டரி காலியாகும். 1960 வாக்கில் ஆல்டர்னேட்டர் கார்களில் பரவத் தொடங்கியது. அதில் சிலிக்கான் டையோடுகளே மின்சாரம் திரும்பாமல் தடுக்கின்றன. டையோடு பழுதானால் பழைய கசிவு புது வடிவில் திரும்புகிறது. எஞ்சின் ஓடும்போது பேட்டரி முனையைக் கழற்றி டைனமோவைச் சோதிக்கும் பழக்கம் அன்று இருந்தது. இன்றைய கார்களில் அப்படிச் செய்தால் மின்னழுத்தம் திடீரென உயர்ந்து மின்னணுப் பாகங்கள் கெடக்கூடும்.

உறங்காத கார்

இன்றைய கார் சாவியை எடுத்த பிறகும் கடிகாரம், அலாரம், ரிமோட் ஏற்பி, கணினி நினைவகம் ஆகியவற்றுக்குச் சிறிதளவு மின்சாரம் எடுக்கிறது. பொதுவாக 50 மில்லி ஆம்பியருக்குள் இருந்தால் அது இயல்பு. 30 மில்லி ஆம்பியர் எனக் கொண்டால், ஒரு நாளைக்கு 0.72 ஆம்பியர்-மணி செலவாகும். 35 ஆம்பியர்-மணி கொண்ட பேட்டரி பாதியாவதற்கே மூன்று வாரத்துக்கு மேல் ஆகும்.

டிக்கியில் அணையாத 5 வாட் விளக்கு ஏறத்தாழ 0.42 ஆம்பியர் எடுக்கும். பத்து மணி நேரத்தில் 4.2 ஆம்பியர்-மணி. நல்ல பேட்டரி இதை ஓரிரவு தாங்கும். தாங்கவில்லை என்றால் பேட்டரியே தளர்ந்திருக்கலாம். நம் பகுதியின் கோடை வெப்பம் பேட்டரியின் ஆயுளைக் குறைக்கும். சும்மா இருக்கும்போது தானே இறங்கும் வேகத்தையும் கூட்டும்.

தேடும் முறை

முதலில் பேட்டரியை முழுதாகச் சார்ஜ் செய்து, சில மணி நேரம் கழித்து அளக்க வேண்டும். 12.6 வோல்ட் அளவில் இருந்தால் முழுச் சார்ஜ்; 12.2 என்றால் ஏறத்தாழப் பாதி. பிறகு எல்லாவற்றையும் அணைத்து, நெகட்டிவ் முனையின் ஒயரைக் கழற்றி, முனைக்கும் ஒயருக்கும் இடையில் மல்டிமீட்டரை 10 ஆம்பியர் அளவில் இணைக்க வேண்டும். அந்நிலையில் கதவைத் திறக்கவோ காரைக் கிளப்பவோ கூடாது; மீட்டரின் பியூஸ் போய்விடும். கணினிகள் அடங்க அரை மணி நேரம் வரை காத்திருப்பது நல்லது.

அதன் பின்னும் மீட்டர் அதிகமாகக் காட்டினால் பியூஸ்களை ஒவ்வொன்றாக எடுத்துத் திரும்பச் செருக வேண்டும். எந்தப் பியூஸை எடுத்ததும் அளவு சட்டென இறங்குகிறதோ, அந்தப் பாதையில்தான் கசிவு. எந்தப் பியூஸுக்கும் இறங்காவிட்டால் ஆல்டர்னேட்டரின் தடித்த ஒயரைச் சந்தேகிக்க வேண்டும். அதைக் கழற்றுமுன் பேட்டரி இணைப்பை நீக்குவது கட்டாயம். பின்னாளில் பொருத்திய பாட்டுப்பெட்டி, கேமரா, இருப்பிடம் காட்டும் கருவி ஆகியவற்றின் இணைப்பையும் பார்க்க வேண்டும்.

இந்தச் சோதனைக்கு ஒரு மல்டிமீட்டரும் ஒரு மணி நேரப் பொறுமையும் போதும். இதைச் செய்யாமல் புதுப் பேட்டரி வாங்கினால், கசிவு அப்படியே இருக்க, புதியதும் பழையதைப் போலவே இறங்கும்.