பூச்சிக்கொல்லி நஞ்சில் அட்ரோபின்: அளவைத் தீர்மானிப்பது எது?

அறுவை சிகிச்சைக்கு முன் உமிழ்நீரையும் சளியையும் கட்டுப்படுத்தக் கொடுக்கும் அட்ரோபின் 0.6 மி.கி. இதயத் துடிப்பு ஆபத்தான அளவுக்குக் குறைந்தவருக்கு உயிர்காப்பு விதிமுறைகள் அனுமதிக்கும் மொத்த அளவு 3 மி.கி. மருத்துவக் கல்லூரியிலிருந்து வெளியே வரும் எவருடைய மனத்திலும் இந்த எண்கள் பதிந்திருக்கும். ஆர்கனோபாஸ்பரஸ் பூச்சிக்கொல்லி உட்கொண்ட ஒருவரை அவசர சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டுவரும்போது இதே எண்கள்தாம் மருத்துவரின் கையைப் பின்னுக்கு இழுக்கின்றன. அவருக்கு 20 அல்லது 30 மி.கி. தேவைப்படலாம், அதுவும் கால் மணி நேரத்துக்குள்.

இந்த நோயாளிகளைப் பொறுத்தவரை அட்ரோபினைக் குறைவாகக் கொடுப்பதில் பாதுகாப்பு இல்லை என்பதே இக்கட்டுரையின் வாதம். தொடக்கத்தில் காட்டும் தயக்கமும், பின்னர் காட்டும் கவனக்குறைவும் வேறுவேறு வழிகளில் உயிரைப் பறிக்கின்றன. இரண்டுக்கும் வேர் ஒன்றே: மருந்தின் அளவை முன்கூட்டியே எழுதிவிடலாம் என்ற நம்பிக்கை.

அந்த நம்பிக்கை ஏன் பிழையானது என்பதை மருந்து வேலைசெய்யும் முறையே காட்டிக்கொடுக்கிறது. நரம்பு முனைகளில் சுரக்கும் அசிட்டைல்கோலினை அசிட்டைல்கோலினெஸ்டரேஸ் என்ற நொதி உடனுக்குடன் சிதைத்துவிடும். ஆர்கனோபாஸ்பரஸ் இந்த நொதியை முடக்குகிறது. சிதையாத அசிட்டைல்கோலின் தேங்கி, ஏற்பிகளை இடைவிடாமல் தூண்டுகிறது. மஸ்கரினிக் ஏற்பிகளில் அது விளைவிப்பவை வியர்வை, எச்சில், வாந்தி, வயிற்றுப்போக்கு, சுருங்கிய கண்பாவை, மெதுவான நாடி, தாழ்ந்த இரத்த அழுத்தம் ஆகியன. எல்லாவற்றையும்விடக் கொடியது, மூச்சுக்குழாய்களில் நீர் சுரந்து நிறைவது. உடனடி மரணத்துக்குப் பெரும்பாலும் அதுவே வழிவகுக்கிறது. அட்ரோபின் இந்த மஸ்கரினிக் ஏற்பிகளில் போய் அமர்ந்து அசிட்டைல்கோலினுக்கு இடமில்லாமல் செய்கிறது. நொதியை அது மீட்பதில்லை, நஞ்சை அகற்றுவதுமில்லை. ஏற்பிக்காக இரண்டு மூலக்கூறுகள் போட்டியிடுகின்றன; எது அதிகமோ அது வெல்லும். ஆகவே தேவைப்படும் அட்ரோபின், தேங்கியிருக்கும் அசிட்டைல்கோலினைப் பொறுத்தது. அந்தத் தேக்கமோ எந்தப் பூச்சிக்கொல்லி, எவ்வளவு உள்ளே போனது, எத்தனை நேரமாயிற்று என்பவற்றைப் பொறுத்து ஆளுக்கு ஆள் மாறும். ஆரோக்கியமான உடலில் வேகஸ் நரம்பின் செயலை முழுதாகத் தடுக்க 3 மி.கி. போதும் என்பது உண்மை. அந்தக் கணக்கு போட்டியாளர் இல்லாத களத்துக்கு உரியது.

இங்கேயே ஒரு வரம்பையும் குறிக்க வேண்டும். தசைகளை இயக்கும் நிகோட்டினிக் ஏற்பிகளில் அட்ரோபினுக்கு வேலையில்லை. தசைத்துடிப்பும், கழுத்தைத் தூக்க முடியாத பலவீனமும், மூச்சுத் தசைகள் ஓய்ந்துபோவதும் அட்ரோபினால் தீராதவை. முதல் நாளின் நெருக்கடி தணிந்தபின், 24 முதல் 96 மணி நேரத்துக்குள் திடீரெனத் தோன்றும் இத்தகைய முடக்கத்தை இடைநிலை நோய்த்தொகுதி என்று 1987இல் இலங்கையிலிருந்து சேனநாயக்கவும் கரலியத்தவும் விவரித்தார்கள். நெஞ்சு தெளிந்துவிட்டது, நோயாளி பேசுகிறார் என்று கண்காணிப்பைத் தளர்த்திய வார்டுகளுக்கு அந்தக் கட்டுரை ஓர் எச்சரிக்கை. அட்ரோபின் எவ்வளவு சரியாகக் கொடுத்தாலும் வென்டிலேட்டர் தேவைப்படும் நோயாளி இருக்கவே செய்வார். தலையணையிலிருந்து தலையைத் தூக்கச் சொல்லிப் பார்க்கும் எளிய சோதனையை, அட்ரோபின் அட்டவணையிலேயே ஒரு கட்டமாகச் சேர்க்க வேண்டும் என்பது என் கருத்து.

இனி அளவுக்கு வருவோம். பாடநூல்களும் வழிகாட்டிகளும் பரிந்துரைத்த அட்ரோபின் முறைகளை நச்சியல் ஆய்வாளர் மைக்கேல் எடில்ஸ்டனும் அவருடைய குழுவினரும் 2004இல் ஒப்பிட்டார்கள். முப்பதுக்கும் மேற்பட்ட முறைகள் புழக்கத்தில் இருந்தன. இலங்கையில் அவர்கள் பார்த்த 22 நோயாளிகளுக்கு, நெஞ்சு தெளியும் நிலையை எட்டச் சராசரியாக 23.4 மி.கி. தேவைப்பட்டிருந்தது, ஒருவருக்கு 75 மி.கி. இந்தச் சராசரி அளவை ஒவ்வொரு முறைப்படியும் கொடுத்து முடிக்க எவ்வளவு நேரமாகும் என்று கணக்கிட்டபோது, மிக விரைவான முறைக்கு 8 நிமிடமும் மிக மெதுவான முறைக்கு 1380 நிமிடமும் வந்தன. 1380 நிமிடம் என்பது 23 மணி நேரம். நுரையீரலில் நீர் நிறைந்துகொண்டிருப்பவருக்கு 23 மணி நேரம் என்பது சிகிச்சையே இல்லை. இவற்றை எழுதியவர்கள் அலட்சியக்காரர்கள் அல்லர். நோயாளிக்கு அட்ரோபின் நஞ்சு ஏறிவிடக் கூடாதே என்ற அக்கறையில்தான் சிறிய அளவையும் நீண்ட இடைவெளியையும் எழுதிவைத்தார்கள். ஆனால் அந்த எச்சரிக்கை, தடுக்க நினைத்த ஆபத்தைவிடப் பெரிய ஆபத்தை உண்டாக்கியது.

இரட்டிப்பு முறை இந்தச் சிக்கலை எளிமையாகத் தீர்க்கிறது. வயது வந்தவருக்கு முதலில் 1.8 முதல் 3 மி.கி. வரை சிரைவழி கொடுக்க வேண்டும். ஐந்து நிமிடம் கழித்து நோயாளியைப் பார்க்க வேண்டும். முன்னேற்றமில்லை என்றால் முந்தைய அளவைப் போல இருமடங்கு. மறுபடி ஐந்து நிமிடம், மறுபடி இருமடங்கு. 1.8இல் தொடங்கினால் 3.6, 7.2, 14.4 என்று உயர்ந்து, 15ஆவது நிமிடத்தில் மொத்தம் 27 மி.கி. ஆகிவிடுகிறது. 25ஆவது நிமிடத்தில் 75 மி.கி.யையும் தாண்டிவிடலாம். குழந்தைகளுக்குத் தொடக்க அளவு எடையைப் பொறுத்தது. இரட்டிப்பு விதி அதேதான். நோயாளி தேறத் தொடங்கியதும் இரட்டிப்பை நிறுத்திவிட்டு, கடைசி அளவையோ அதற்கும் குறைவானதையோ தொடரலாம். இதில் முன்கூட்டி நிர்ணயிக்கப்படுவது அளவு அன்று, ஐந்து நிமிட இடைவெளியும் அந்த இடைவெளியில் எதைப் பார்ப்பது என்பதுமே.

எதைப் பார்ப்பது என்பதில்தான் பழைய பழக்கம் இன்னும் விடாப்பிடியாக நிற்கிறது. கண்பாவை விரிந்து, நாடி 120ஐத் தாண்டும்வரை கொடு என்று பல வார்டுகளில் வழிவழியாகச் சொல்லித்தருகிறார்கள். கண்பாவை அட்ரோபினுக்கு மெதுவாகவே இணங்கும். பூச்சிக்கொல்லி நேரடியாகக் கண்ணில் பட்டிருந்தால் இன்னும் தாமதமாகும். விரிந்த கண்ணுக்காகக் காத்திருந்தால் நெஞ்சுக்கும் இதயத்துக்கும் தேவையானதைவிட எவ்வளவோ அதிகமாகக் கொடுத்திருப்போம். நாடியும் தனித்து நம்பத்தக்கதன்று. நிகோட்டினிக் தூண்டுதல், ஆக்சிஜன் குறைவு, நீரிழப்பு, பயம் எல்லாமே அதை உயர்த்தும். வேகமான நாடியைப் பார்த்து அட்ரோபின் வேண்டாம் என்று முடிவு செய்வது, நஞ்சின் விளைவையே மருந்தின் விளைவாக எண்ணுவதாகும். முதன்மையான குறி ஸ்டெதஸ்கோப்பில் கேட்பது: இரு பக்கமும் இரைச்சலும் குறுகுறுப்பும் நீங்கிய நெஞ்சு. அதனுடன் நாடி 80க்கு மேல், மேல் இரத்த அழுத்தம் 80 மி.மீ.க்கு மேல், உலர்ந்த அக்குள், ஊசிமுனையாய்ச் சுருங்கிய நிலையிலிருந்து மீண்ட கண்பாவை. ஐந்தையும் சேர்த்தே படிக்க வேண்டும். ஒரு பக்க நுரையீரலின் ஓரிடத்தில் மட்டும் குறுகுறுப்பு விடாமல் கேட்டால், அது வாந்தி உள்ளே இறங்கியதன் அடையாளமாக இருக்கலாம். அதை அட்ரோபினால் துரத்தக் கூடாது.

இரட்டிப்பு முறை வெறும் கணக்கு மட்டும்தானா, உயிரைக் காக்கிறதா? வங்கதேசத்தில் சிட்டகாங் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் நடத்தி 2012இல் வெளியான ஆய்வு இதற்கு விடை தருகிறது. 156 நோயாளிகள். 10 முதல் 15 நிமிட இடைவெளியில் அட்ரோபின் ஊசிகளைப் பெற்ற பழைய முறைக் குழுவில் 22.5 விழுக்காட்டினர் இறந்தார்கள். இரட்டிப்பும் தொடர் டிரிப்பும் பெற்ற குழுவில் 8 விழுக்காட்டினர். நெஞ்சு தெளிய எடுத்த சராசரி நேரம் முதல் குழுவில் 152 நிமிடம், இரண்டாவதில் 24 நிமிடம். இது ஒரே மருத்துவமனையில், யாருக்கு எந்தச் சிகிச்சை என்பது மறைக்கப்படாமல் நடந்த ஆய்வு, பெரிதும் அன்று. அந்த எல்லைகளை ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் இதே ஆய்வின் வேறொரு முடிவு என் வாதத்துக்கு இன்னும் முக்கியமானது. அட்ரோபின் நஞ்சு ஏறியவர்கள் பழைய முறையில் 28.4 விழுக்காடு, வேகமான முறையில் 12 விழுக்காடு. வேகமாகக் கொடுத்தால் நஞ்சு ஏறும் என்ற அச்சத்துக்கு நேர்மாறான முடிவு இது. இலக்கை விரைவில் எட்டி அங்கேயே நிறுத்தினால், திட்டமில்லாத மறு ஊசிகளுக்கு இடமில்லாமல் போகிறது என்பதே அதற்கு எனக்குத் தோன்றும் விளக்கம்.

முதல் மணி நேரத்தை வென்றபின் தொடங்கும் இரண்டாம் கட்டத்தைப் பற்றி நம் மருத்துவ எழுத்து அதிகம் பேசுவதில்லை. நெஞ்சு தெளிய மொத்தம் எவ்வளவு தேவைப்பட்டதோ, அதில் 10 முதல் 20 விழுக்காடு வரை ஒவ்வொரு மணி நேரத்துக்கும் டிரிப்பாகச் செலுத்துவது வழக்கம். 27 மி.கி. பெற்றவருக்கு இது மணிக்கு 2.7 முதல் 5.4 மி.கி. ஆகும். ஆனால் நஞ்சு உடலில் ஒரே சீராக இருப்பதில்லை. ஃபென்தியான் போலக் கொழுப்பில் கரைபவை உடலில் தங்கி, நாட்கள் கழித்தும் திரும்ப வெளிப்படும். டைமீத்தோயேட் விரைவாகவும், கடுமையான இரத்த அழுத்த வீழ்ச்சியுடனும் தாக்கும். ஒரே வகுப்பைச் சேர்ந்த இந்தப் பூச்சிக்கொல்லிகளின் இறப்பு விகிதத்திலேயே பெரும் வேறுபாடு உண்டு என்று இலங்கை ஆய்வுகள் நிறுவியிருக்கின்றன. காலையில் சரியாக இருந்த டிரிப் வேகம் மாலையில் அதிகமாகலாம், நள்ளிரவில் போதாமலும் போகலாம்.

அதிகமாகும்போது உடல் தெளிவாகச் சொல்கிறது. குடல் ஒலி நின்றுவிடுகிறது, சிறுநீர் அடைக்கிறது, உடல் சூடு ஏறுகிறது, நோயாளி பிதற்றுகிறார், காற்றில் எதையோ பறிப்பதுபோல் கையை அசைக்கிறார், படுக்கையை விட்டு எழப் பார்க்கிறார். நம் வார்டுகளில் இதற்கு வழக்கமான எதிர்வினை, துணியால் கட்டிலோடு சேர்த்துக் கட்டுவது. இதைவிட ஆபத்தான செயல் அரிது. அட்ரோபின் வியர்வையை நிறுத்திவிட்டது. வெப்பம் தணிய வழியில்லை. சித்திரை வெயிலில், மின்விசிறி எட்டாத கட்டிலில், கட்டை அறுக்கப் போராடும் நோயாளியின் தசைகள் இன்னும் சூட்டை உண்டாக்குகின்றன. அந்தச் சூட்டிலேயே இதயம் நின்றுவிடக்கூடும். செய்ய வேண்டியது டிரிப்பை நிறுத்துவது, உடலைக் குளிர்விப்பது, தேவையானால் டையாஸிபம் கொடுத்து அமைதிப்படுத்துவது. அரை மணி முதல் ஒரு மணி நேரத்தில் குறிகள் தணிந்தபின், முன்பிருந்த வேகத்தில் ஐந்தில் ஒரு பங்கு குறைத்து மறுபடி தொடங்கலாம். ஒரேயடியாக நிறுத்திவிட்டு மறந்துபோனால், அடுத்த சில மணி நேரத்தில் நெஞ்சு மறுபடி நிறைந்துவிடலாம்.

பாதுகாப்பின் பெயரால் தாமதம் நுழையும் வேறு இரண்டு வாசல்களும் உண்டு. ஒன்று, ஆக்சிஜன் கொடுத்து நிலைப்படுத்தாமல் அட்ரோபின் போட்டால் இதயத் துடிப்பு சிதறிவிடும் என்ற பழைய விதி. ஆக்சிஜன் இருந்தால் கட்டாயம் கொடுக்க வேண்டும். ஆனால் உருளை இல்லாத ஆரம்ப சுகாதார நிலையத்தில் அது வரும்வரை அட்ரோபினை நிறுத்திவைப்பதற்கு ஆதாரமில்லை; இலங்கை மருத்துவமனைகளின் பதிவுகளை ஆராய்ந்தவர்கள் அந்த அச்சத்தை உறுதிப்படுத்தும் எதையும் காணவில்லை. இன்னொன்று வயிறு கழுவுதல். நோயாளி வந்ததும் குழாயைச் செருகுவதே முதல் கடமை என்ற எண்ணம் உறவினர்களிடமும் ஊழியர்களிடமும் வலுவாக இருக்கிறது. மூச்சுப்பாதையைக் காக்காமல், அட்ரோபின் தொடங்காமல், திமிறுபவரைப் பிடித்துக்கொண்டு கழுவுவது நுரையீரலுக்கே நஞ்சைத் தள்ளிவிடக்கூடும். முதலில் அட்ரோபின், மற்றதெல்லாம் பிறகு.

முடங்கிய நொதியை மீட்கக் கொடுக்கும் பிராலிடாக்சைம் பற்றிய விவாதம் இங்கே விரிவாக வேண்டியதில்லை. மகாராஷ்டிரத்தின் பாராமதியில் நடந்து 2006இல் வெளியான ஆய்வு அதற்குச் சாதகமாகவும், இலங்கையிலிருந்து 2009இல் வெளியான ஆய்வு பாதகமாகவும் முடிந்தன. கேள்வி இன்னும் திறந்தே இருக்கிறது. ஆனால் பிராலிடாக்சைம் கிடைக்குமா என்று அலையும் நேரத்தில் அட்ரோபினைக் கவனிக்கத் தவறுவதில் எந்த விவாதமும் இல்லை.

மேலே சொன்ன எல்லாமே ஓர் ஆளைச் சார்ந்திருக்கிறது: ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை நெஞ்சில் ஸ்டெதஸ்கோப்பை வைக்கும் ஆள். இந்தியாவில் பரவலாகக் கிடைக்கும் அட்ரோபின் ஆம்பூல் 0.6 மி.கி. கொண்டது. சராசரி நோயாளிக்கு முதல் கட்டத்துக்கே 39 ஆம்பூல், 75 மி.கி. தேவைப்படுபவருக்கு 125. இரட்டிப்பின் நான்காம் படியில் மட்டும், ஐந்து நிமிடத்துக்குள் ஒரு செவிலியர் 24 ஆம்பூல்களை உடைத்து உறிஞ்சி, ஊசியில் ஏற்றி, நோயாளிக்கும் செலுத்தி முடிக்க வேண்டும். அதே நேரத்தில் நாடியும் இரத்த அழுத்தமும் அவரே பார்த்து எழுத வேண்டும் என்றால், எவ்வளவு நல்ல வழிகாட்டியானாலும் தாளில்தான் இருக்கும். ஆகவே பல மி.கி. கொண்ட பெரிய குப்பிகளை வாங்குவதை மருந்துப் பாதுகாப்பின் பகுதியாகவே கருத வேண்டும். அதைக் கொள்முதல் பிரிவின் வசதிக் கணக்காகப் பார்க்கக் கூடாது. பீகாரின் சாரண் மாவட்டத்தில் 2013 ஜூலையில், மோனோகுரோட்டோபாஸ் கலந்த மதிய உணவால் 23 பள்ளிக் குழந்தைகள் இறந்தார்கள். அப்படி ஒரே நேரத்தில் பலர் வந்து சேரும் நாளில் இருப்பு எத்தனை நோயாளிகளுக்குப் போதும் என்று, நெல் விளையும் ஒவ்வொரு வட்டத்தின் அரசு மருத்துவமனையும் முன்கூட்டியே கணக்குப் போட்டிருக்க வேண்டும்.

கண்காணிப்புத் தாளையும் அப்படியே முன்கூட்டித் தயாராக வைத்திருக்க வேண்டும். முதல் கட்டத்தில் ஐந்து நிமிடத்துக்கும், நெஞ்சு தெளிந்தபின் கால் மணிக்கும், நிலைபெற்றபின் மணிக்கும் ஒரு வரி. ஒவ்வொரு வரியிலும் நெஞ்சு, நாடி, அழுத்தம், அக்குள், கண்பாவை, குடல் ஒலி, உடல் சூடு, மனநிலை, கழுத்துத் தசை, செலுத்திய அளவு. இரவுப் பணி மாறும்போது வருபவர், முந்தையவர் எந்தக் குறியைப் பார்த்து வேகத்தை மாற்றினார் என்பதை அந்தத் தாளிலிருந்தே படித்துக்கொள்ள முடியும். அப்படி ஒரு தாள் இல்லாத இடத்தில், ‘அட்ரோபின் தொடரவும்’ என்று கேஸ் ஷீட்டில் எழுதும் ஒற்றை வரி மருத்துவ உத்தரவு ஆகாது. எதுவரை, எந்தக் குறிக்கு, எப்போது குறைக்க என்ற மூன்றும் அதில் இல்லாதவரை, அதைப் பின்பற்றும் செவிலியருக்குச் சரியாகச் செய்யும் வழி கொடுக்கப்படவே இல்லை.