போறாளே பொன்னுத்தாயி: ஒரு மெட்டு, இரண்டு பாட்டு

மேல்நாட்டில் "பவர் பேலட்" என்று ஒரு வகைப் பாட்டு உண்டு. மெதுவாக ஆரம்பிக்கும். போகப் போக டிரம்ஸ், கிடார், வயலின் எல்லாம் சேர்ந்துகொள்ளும். கடைசியில் பாடுபவர் உச்ச ஸ்தாயியில் நின்று நம் நெஞ்சைப் பிடித்து உலுக்குவார். டைட்டானிக் (1997) படத்தில் செலின் டியான் பாடிய பாட்டு எல்லோருக்கும் தெரிந்த உதாரணம்.

தமிழ் சினிமாவில் இதே வேலையைச் செய்த பாட்டு எது என்று கேட்டால் பலரும் சொல்லக்கூடிய பெயர் ஒன்று உண்டு. 1994ல் வந்த கருத்தம்மா படத்தின் "போறாளே பொன்னுத்தாயி". ஆனால் இது மேல்நாட்டு வழிக்கு நேர் எதிரான வழியில் போய் ஜெயித்த பாட்டு. எப்படி என்று பார்ப்போம்.

முதலில் ஊரைப் பற்றிச் சொல்ல வேண்டும். 1986 ஜூனில் இந்தியா டுடே இதழ் உசிலம்பட்டி வட்டாரத்தில் நடந்த பெண் சிசுக் கொலைகளைப் பற்றி அட்டைப்படக் கட்டுரை வெளியிட்டது. நாடே அதிர்ந்தது. வரதட்சணை, நகை, வாழ்க்கை முழுக்கத் தொடரும் சீர்வரிசை எல்லாவற்றுக்கும் பயந்து, பிறந்த பெண் குழந்தைக்குக் கள்ளிப்பால் கொடுத்தார்கள். 1992ல் தமிழக அரசு தொட்டில் குழந்தைத் திட்டத்தைக் கொண்டுவந்தது. வேண்டாத பெண் குழந்தையைக் கொல்லாதீர்கள், அரசுத் தொட்டிலில் போட்டுவிட்டுப் போங்கள் என்பதுதான் அதன் அர்த்தம்.

இந்தப் பின்னணியில்தான் பாரதிராஜா கருத்தம்மாவை எடுத்தார். கதை ரத்னகுமார். பெண் குழந்தைகள் வரிசையாகப் பிறக்கும் ஏழை விவசாயி மொக்கையன் வீடுதான் கதைக்களம். மொக்கையனாக நடித்தவர் பச்சையப்பன் கல்லூரித் தத்துவப் பேராசிரியர் பெரியார்தாசன். கொல்லச் சொல்லிக் கொடுத்துவிட்ட ஒரு குழந்தை, ஓர் ஆசிரியரால் காப்பாற்றப்பட்டு டாக்டராகத் திரும்பி வருவதுதான் கதையின் முக்கியத் திருப்பம்.

இசை ஏ.ஆர். ரஹ்மான். ரோஜாவுக்குப் பிறகு "கம்ப்யூட்டர் மியூசிக் போடுபவருக்கு கிராமம் வருமா?" என்ற கேள்வி இருந்தது. அதற்குக் கிழக்குச் சீமையிலே (1993) படத்திலேயே பதில் சொல்லிவிட்டார். அதே கூட்டணிதான் கருத்தம்மாவிலும்.

இந்தப் படத்தில் ஒரே மெட்டை இரண்டு பாட்டாக்கினார்கள். ஒன்று உன்னிகிருஷ்ணனும் சுஜாதாவும் பாடிய சந்தோஷமான டூயட். இன்னொன்று ஸ்வர்ணலதா தனியாகப் பாடிய சோகப் பாட்டு. மெட்டு ஒன்றுதான். ஆனால் இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டுப் பாருங்கள், ஒரே மெட்டு என்று நம்பவே கொஞ்ச நேரம் ஆகும்.

சோக வடிவத்தில் வாத்தியங்கள் மிகக் குறைவு. குரல்தான் முன்னால் நிற்கிறது. நம் கிராமத்தில் ஒப்பாரி வைக்கும் பெண்ணுக்கு யார் பக்கவாத்தியம் வாசித்தார்கள்? தொண்டை ஒன்றுதான் அவளுக்குத் துணை. அதே வெறுமைதான் இந்தப் பாட்டின் பவர்.

எழுதியவர் வைரமுத்து. பிறந்த மண்ணை விட்டுப் போவது என்றால் என்ன என்று அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 1950களில் வைகை அணை கட்டியபோது தண்ணீருக்குள் போன கிராமங்களில் அவர் பிறந்த மெட்டூரும் ஒன்று. குடும்பம் வடுகபட்டிக்குக் குடிபெயர்ந்தது. பின்னாளில் அந்தக் கதையைத்தான் கள்ளிக்காட்டு இதிகாசம் நாவலாக எழுதி 2003ல் சாகித்ய அகாதமி விருது வாங்கினார். பாரதிராஜாவும் தேனி அல்லிநகரத்துக்காரர். இரண்டு பேருக்கும் சொந்தச் சீமையின் கதை இது.

ஆனால் பாடியவர் அந்தச் சீமைக்காரர் இல்லை. ஸ்வர்ணலதா 1973ல் கேரளத்தில் பாலக்காட்டுப் பக்கம் சித்தூரில் பிறந்தவர். சினிமாவில் அவர் முதலில் பாடியது 1987ல், நீதிக்குத் தண்டனை படத்தில். எம்.எஸ்.வி. இசையில் ஜேசுதாஸுடன் "சின்னஞ்சிறு கிளியே". பெண் குழந்தையைக் கொஞ்சும் பாரதியார் பாட்டு! 1993ல் ஜென்டில்மேனில் "உசிலம்பட்டி பெண்குட்டி" என்று ஆட்டம் போட வைத்த குரலும் அவருடையதுதான். அடுத்த வருடமே அந்த வட்டாரத்துப் பெண்களின் கண்ணீரையும் அதே குரல் பாடியது. அப்போது அவருக்கு வயது 21. ரெக்கார்டிங்கில் பாடும்போதே அவர் அழுதுவிட்டார் என்று சொல்வார்கள்.

1994ஆம் ஆண்டுக்கான தேசிய விருதுகளில் சிறந்த பாடகி ஸ்வர்ணலதா. ரஹ்மான் இசையில் தேசிய விருது வாங்கிய முதல் பாடகி அவர்தான். வைரமுத்துவுக்கு கருத்தம்மா, பவித்ரா இரண்டு படங்களுக்குமாகச் சேர்த்து பாடலாசிரியர் விருது. குடும்ப நலம் பற்றிய சிறந்த படம் என்ற விருது கருத்தம்மாவுக்கு.

சரி, இத்தனை பேரை அழவைத்த பாட்டு எதையாவது மாற்றியதா? கணக்கைப் பார்ப்போம். தமிழ்நாட்டில் ஆறு வயது வரையிலான குழந்தைகளில் ஆயிரம் ஆணுக்கு இருந்த பெண்கள் 1991ல் 948. 2001ல் 942. 2011ல் 943. கள்ளிப்பாலின் வேலையை ஸ்கேன் மெஷின் எடுத்துக்கொண்டது. கருவில் ஆணா பெண்ணா என்று பார்த்துச் சொல்வதைத் தடுக்கும் சட்டத்தை நாடாளுமன்றம் நிறைவேற்றியதும் படம் வந்த அதே 1994ல்தான். ஆக, இது ஏதோ ஒரு வறண்ட சீமையின் பழைய கதை இல்லை. ஸ்கேன் சென்டர் இருக்கும் எல்லா இடத்துக்கும், அம்பத்தூருக்கும் அயனம்பாக்கத்துக்கும் கூடச் சொந்தமான கதை.

ஸ்வர்ணலதா 2010 செப்டம்பர் 12ல் சென்னையில் காலமானார். வயது 37தான். அன்றைக்கு அவர் ரசிகர்களில் பலருக்கு முதலில் ஞாபகம் வந்தது இந்தப் பாட்டாகத்தான் இருக்கும்.

அடுத்த முறை ரேடியோவில் இந்தப் பாட்டு வந்தால் முழுசாகக் கேளுங்கள். ஊரை விட்டுப் போகும் ஒரு பெண்ணுக்காகப் பாடியதுதான். ஆனால் ஊருக்குள் வரவே விடாமல் அனுப்பப்பட்ட எத்தனையோ பெண்களும் அதில் இருக்கிறார்கள்.