22-ஆம் பிரிவு பிறந்த கதை

இரண்டாம் உலகப் போர் முடிந்தபோது அமெரிக்க ராணுவ மருத்துவமனைகளில் கை, கால், கண் இழந்த இளைஞர்கள் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள். பெனிசிலினும் ரத்தம் ஏற்றும் வசதியும் வந்துவிட்டதால், முந்தைய போரில் என்றால் செத்திருக்கக்கூடிய பலர் இந்தப் போரில் பிழைத்துக்கொண்டார்கள். புண் ஆறியதும் செயற்கைக் கால் பொருத்தி, கைத்தொழில் ஒன்றைக் கற்றுக்கொடுத்து ஊருக்கு அனுப்புவதுதான் அன்றைய மறுவாழ்வு. ஊருக்குப் போனவரை அக்கம்பக்கத்தார் எப்படி நடத்தினார்கள் என்று விசாரித்தவர்கள் சிலரே.

அந்தச் சிலரில் முக்கியமானவர் தமாரா டெம்போ. 1902-இல் பாகுவில் பிறந்து, பெர்லினில் கர்ட் லெவினிடம் உளவியல் பயின்றவர். மனிதரின் நடத்தையை அவரை மட்டும் பார்த்துப் புரிந்துகொள்ள முடியாது, சூழலையும் சேர்த்தே பார்க்க வேண்டும் என்பது லெவினின் பாடம். அந்தப் பாடத்தோடு டெம்போவின் குழு ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் காயம்பட்ட வீரர்களை உட்காரவைத்துப் பேசியது. வெளியார் முறைத்துப் பார்ப்பது, துருவித் துருவிக் கேட்பது, கேட்காமலே ஓடிவந்து தாங்கிப் பிடிப்பது எல்லாம் அவர்களுக்கு எவ்வளவு எரிச்சலூட்டின என்பது அந்த உரையாடல்களில் வெளிவந்தது. உதவி பெறுவது பற்றி அவர்கள் சொன்னதை மட்டுமே வைத்து 1947-இல் தனிக் கட்டுரை ஒன்று வெளியானது. உதவி தேவைப்படும் நேரத்திலும் இரக்கம் வேண்டாம் என்பதே அவர்களுடைய நிலை. வெளியிலிருந்து பார்ப்பவர் ‘பாவம்’ என்று நினைக்கும் வாழ்க்கையை, அதை வாழ்கிறவர் அப்படி நினைப்பதில்லை என்றார் டெம்போ.

இதே சிந்தனையோடு வேறு சிலரும் இருந்தார்கள். ரோஜர் பார்க்கர், பியாட்ரிஸ் ரைட் முதலானோர் உடற்குறை பற்றிய ஆய்வுகளைத் திரட்டி 1946-இல் ஒரு நூல் வெளியிட்டார்கள். லீ மேயர்சன் 1948-இல் ஓர் ஆய்விதழின் சிறப்பிதழையே இதற்காகத் தொகுத்தார். ஆனால் மருத்துவமனைகளில் வேலை பார்த்த உளவியலாளர்கள் ஆளுக்கொரு மூலையில் கிடந்தார்கள். வார்டுக்கு வார்டு மருத்துவர் சொல்வதே சட்டம். பல இடங்களில் அறிவுத்திறன் சோதனை நடத்தி மதிப்பெண் எழுதிக் கொடுப்பதோடு உளவியலாளரின் வேலை முடிந்துபோகும்.

சிதறிக் கிடந்தவர்கள் முதலில் ஒரு மன்றமாகக் கூடினார்கள். உடற்குறையின் உளவியல் கூறுகளுக்கான தேசிய மன்றம் என்பது அதன் பெயர். பணமும் சரியான நேரத்தில் வந்து சேர்ந்தது. கூட்டரசின் தொழில்வழி மறுவாழ்வு அலுவலகத்துக்குத் தலைமை வகித்த மேரி சுவிட்சர் முன்னின்று கொண்டுவந்த 1954-ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தம், ஆராய்ச்சிக்கும் பயிற்சிக்கும் நிதி ஒதுக்க வழி திறந்தது. மறுவாழ்வில் உளவியலாளரின் பங்கு என்ன என்று பேசுவதற்காகவே 1958-இல் பிரின்ஸ்டனில் மாநாடு கூடியது. மாநாட்டு நூலைப் பதிப்பித்தவர் ரைட். அதே ஆண்டு மன்றத்தினர் அமெரிக்க உளவியல் சங்கத்துக்குள் 22-ஆம் பிரிவாக இடம்பெற்றார்கள்.

புதிய பிரிவுக்குப் பேசுபொருள் தந்தது 1960-இல் வந்த ரைட்டின் நூல். ஒரு குறை ஆள் முழுவதற்கும் பரவிவிட்டதாகப் பார்ப்பவர் கற்பித்துக்கொள்வதை அவர் விளக்கினார். பார்வையற்றவரிடம் காது கேளாதவரிடம் பேசுவதுபோல் கத்திப் பேசுகிறோமே, அதுதான் இது. ஊனத்தைத் தனிநபரின் துயரமாக மட்டும் பார்க்காமல் படிக்கட்டையும் வேலை தராத முதலாளியையும் சேர்த்துப் பார்க்கச் சொன்ன அவர், 1960-களின் தொடக்கத்தில் பிரிவின் தலைவராகவும் இருந்தார். 100 வயது வாழ்ந்து 2018-இல் மறைந்தார்.

துறையின் பெயரும் மெல்ல நிலைத்தது. 1970-இல் மான்டெரே நகரில் நடந்த மாநாட்டின் கட்டுரைகள் மறு ஆண்டே ‘மறுவாழ்வு உளவியல்’ என்ற தலைப்பில் நூலாயின; 1972-இல் பிரிவின் ஆய்விதழும் அதே பெயருக்கு மாறியது. 1990-களில் தனிச் சான்றளிப்பு வாரியம் வந்தது. தாம் கையாண்ட வேலையின் மாதிரிகளைக் கொடுத்து, மூத்தவர்கள் முன்னால் வாய்மொழித் தேர்வில் நின்று பதில் சொன்னால்தான் அந்தச் சான்று கிடைக்கும். ஆர்வம் இருந்தால் போதும் என்று தொடங்கிய கூட்டம், தகுதியைச் சோதித்துப் பார்க்கும் தொழிலாக மாறச் சுமார் 40 ஆண்டுகள் பிடித்தன.

இந்தியாவில் தகுதியை முறைப்படுத்தும் வேலையைச் சட்டமே செய்தது. 1992-ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த இந்திய மறுவாழ்வுக் குழுமம், மறுவாழ்வு உளவியலாளரையும் பதிவு பெற வேண்டிய தொழிலினராகச் சேர்த்திருக்கிறது. பதிவில்லாமல் மாற்றுத்திறனாளிகளுக்குத் தொழில்முறைச் சேவை செய்பவருக்கு ஓராண்டு வரை சிறையோ, 1,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். வீட்டில் ஒருவருக்காக இப்படி ஓர் உளவியலாளரைத் தேடிப் போகிறவர்கள் கட்டணத்தைக் கேட்பதற்கு முன் பதிவு எண்ணைக் கேட்க வேண்டும்.