முத்தழகுபட்டியின் பொதுப்பந்தி

திண்டுக்கல் முத்தழகுபட்டி புனித செபஸ்தியார் ஆலயத்தில் ஆண்டுதோறும் ஆகஸ்ட் தொடக்கத்தில் நடக்கும் திருவிழாவுக்கு உயிரே அன்னதானம்தான். நோய் தீர்ந்தவரும் பிள்ளை பெற்றவரும் ஆடு, கோழி, அரிசி, காய்கறி எனக் காணிக்கை கொண்டுவருகிறார்கள். அத்தனையும் ஒன்றாகச் சமைக்கப்பட்டு, மதம் பாராமல் ஆயிரக்கணக்கானோருக்குக் கறிச்சோறாகிறது. கொள்ளைநோய்க் காலத்தில் ஐரோப்பா வேண்டிக்கொண்ட இந்தப் புனிதரின் நாள் ஜனவரி 20. இங்கோ, அம்மன் கோயில்களில் கூழ் ஊற்றும் ஆடியில் அவருக்கு விழா. நம்பிக்கை இந்த மண்ணில் வேர்பிடித்ததற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்?

நேர்த்திக்கடன் சாமியோடு போடும் பேரம்தானே, அதில் நன்றி எங்கே என்று கேட்கலாம். பேரமென்றால் கணக்கு இருவரோடு முடிந்திருக்கும். இங்கே, தான் கொடுத்த ஆட்டின் கறி யார் தட்டில் விழுந்தது என்று கொடுத்தவருக்கே தெரியாது. சாமிக்குச் சொன்ன நன்றி, பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் முகம் தெரியாதவரின் பசியில் போய்ச் சேர்கிறது.